தறி ஓடும் வீட்டில் ஒரு கைப்பட்டை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி உங்கள் குழுத் தலைவி கேட்டாள். என்னிடம் பயிற்சிக்கு வந்த முதல் வாரம், "ரெசிஸ்டரைத் தலைகீழா வெச்சுட்டேன் மேடம்" என்று கண் கலங்கி நின்றவள் அவள். ரெசிஸ்டருக்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது, எப்படி வைத்தாலும் ஒன்றுதான் என்று அன்றைக்கு யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் மதியச் சாப்பாடு வரைக்கும் சொல்லவில்லை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன்.

நம் கம்பெனியின் சிப்பைப் பற்றி எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். எழுதப் போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. ஏழு வயதுக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் கத்தி ஆளைக் கூப்பிட வேண்டிய கருவியை, கூப்பிடாதபடி என் கையாலேயே மாற்றினேன். மாற்றிவிட்டு அந்த வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டும் வந்தேன்.

அப்போது நம் கம்பெனி ஒரு கைப்பட்டையைச் சோதனைக்காகச் சில வீடுகளுக்குக் கொடுத்திருந்தது. வலிப்பு வரும் குழந்தைகள் கையில் கட்டிக்கொள்வதற்கானது. கை ஒரு தாளத்தில் விடாமல் உதறினால் வீட்டில் வைத்திருக்கும் சின்னப் பெட்டி கத்தும். இதே வேலையைச் செய்யும் கைக்கடிகாரங்கள் கடையில் கிடைத்தன. ஆனால் அவற்றைத் தினமும் கழற்றி சார்ஜ் போட வேண்டும். நான் சொல்லப்போகும் குழந்தை சங்கவிக்கு ஒருமுறை வலிப்பு வந்தது அவளுடைய கடிகாரம் சார்ஜில் கிடந்தபோதுதான். நம் பட்டையில் இருந்த அனலாக் சிப், உணரியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எண்களாக மாற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காது. அப்படியே வடிகட்டிப் பார்த்து, சந்தேகம் வந்தால் மட்டும் பெரிய சிப்பைத் தட்டி எழுப்பும். அது குடிக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு பட்டன் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும், கழற்றவே வேண்டாம்.

சங்கவியின் வீடு பள்ளிப்பட்டுப் பக்கம். நான் திருத்தணிக்காரி என்பதால், "உங்க ஊர்ப்பக்கம்தானே, நீங்களே பாத்துக்கோங்க" என்று என் தலையில் கட்டினார்கள். தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வரும் எனக்கு, வாரத்தில் ஒருநாள் எதிர்த்திசையில் பஸ் ஏறுவது உண்மையிலேயே பிடித்திருந்தது. கே.ஜி.கண்டிகை தாண்டினால் காற்றே வேறு மாதிரி இருக்கும். வீட்டின் முன்பக்கக் கூடத்தில் இரண்டு விசைத்தறிகள். அதை ஒட்டி ஓர் அறை, அதில் ஓர் இரும்புக் கட்டில். அதற்குப் பின்னால் சமையலறையும் இன்னொரு சின்ன அறையும். சங்கவியின் அம்மா தேவகியும் அப்பா குமாரும் ஆளுக்கொரு தறியில் லுங்கி நெய்தார்கள். முதல் நாள் தேவகி என்னை மேடம் என்றாள். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க நம்ம பக்கமா?" என்றாள். அதற்குப் பிறகு அக்காதான். குமார் மட்டும் கடைசிவரை மேடத்தை விடவில்லை.

பட்டை கட்டிய முதல் மாதத்தில் சங்கவிக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. இரண்டு முறையும் பெட்டி கத்தியது. தேவகி எனக்குப் போன் பண்ணினாள். "கத்துச்சுக்கா. நான் அடுப்பாண்ட இருந்தேன், ஓடியாந்து புடிச்சிக்கினேன். இல்லாங்காட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது." அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் நான் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். இருபத்தேழு வருட வேலையில் நான் செய்த ஏதோ ஒன்று ஒரு குழந்தைக்கு உதவியது என்று எனக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு கோடை விடுமுறை வந்தது. அதுவரை பகலில் பள்ளிக்கூடத்தில் இருந்த சங்கவி இப்போது பகலிலும் வீட்டில். மாத்திரை மயக்கத்தில் அடிக்கடி கட்டிலில் படுத்துவிடுவாள். பக்கத்தில் இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருக்கும். விசைத்தறி ஓடும் வீட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? தரை அதிரும், சுவர் அதிரும், தண்ணீர்க் குடத்தின் மேல் தட்டு நடுங்கும். கட்டில் நடுங்காமல் இருக்குமா? பெட்டி கத்த ஆரம்பித்தது. தேவகி தறியை நிறுத்திவிட்டு ஓடுவாள். குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து தறியை ஓட்டுவாள். மறுபடியும் கத்தும். தறியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் நிறுத்திய இடமெல்லாம் துணியில் ஒரு கோடு விழும். நூல் கொடுக்கும் முதலாளி துணியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

குமார் எனக்குப் போன் பண்ணினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இத்த கழட்டி வெச்சிடலாம்னு பாக்கறோம். பொழப்பு ஓடல."

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தறியின் தாளத்தை அளந்து பார்த்தால், ஒரு நொடிக்கு இரண்டு தட்டலுக்குக் கொஞ்சம் மேல். நம் சிப் வலிப்பு என்று தேடும் எல்லைக்குள்ளேயே அது வந்து உட்கார்ந்திருந்தது. குமார் கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நிற்கிறார். கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது. நடுவில் என் மேலதிகாரி போன் பண்ணி, அடுத்த வாரம் ஒரு பெரிய மருத்துவமனைக்காரர்களுக்குக் காட்டப் போகிறோம், பொய்யாகக் கத்துகிறது என்ற பேச்சே அதற்குள் இருக்கக் கூடாது என்கிறார்.

நான் செய்தது மிகவும் சுலபமான காரியம். தறியின் வேகத்தில் வரும் ஆட்டத்தை மட்டும் காதில் வாங்காதே என்று சிப்புக்குச் சொன்னேன். வடிகட்டியில் அந்த ஓர் இடத்தில் ஒரு பள்ளம் வெட்டினேன், அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. இரண்டு தறியையும் ஓட்டச் சொல்லி, சங்கவியைக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தோம். பெட்டி வாயே திறக்கவில்லை. குமார் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் மேடம்" என்றார். தேவகி சுடச்சுட சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேரும்வரை எனக்கு நடையே தனி நடையாக இருந்தது.

என்ன தப்பு என்று உங்களில் கெட்டிக்காரர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எந்த நேரத்தில் சும்மா இருக்க வேண்டுமோ அந்த நேரத்தில் சும்மா இருக்கிறதா என்று மட்டும் நான் சோதித்தேன். கத்த வேண்டிய நேரத்தில் இன்னமும் கத்துமா என்று சோதிக்கவில்லை. சங்கவிக்கு முன்பு வந்த இரண்டு வலிப்பின் பதிவுகளும் என் லேப்டாப்பிலேயே இருந்தன. புதிய அமைப்பில் அவற்றை ஓட்டிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் மறந்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு வடிகட்டியை மாற்ற வேண்டுமென்றால் சால்டரிங் இரும்பைச் சூடாக்க வேண்டும், பழையதைப் பிடுங்க வேண்டும், புதியது ஸ்டோரில் இல்லையென்றால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். என் முதல் சீனியர் இரும்பைச் சூடேற்ற வைத்துவிட்டு எங்களை டீ குடிக்க அனுப்பிவிடுவார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாதிப் பேர் மனசை மாற்றிக்கொண்டிருப்போம். உங்களுக்கும் எனக்கும் கிடைத்த இந்த சிப்பில் எதையும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து மாற்றலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பதற்காகக்கூட மாற்றலாம். அதனால்தான் சொல்கிறேன், டீயையாவது விடாதீர்கள்.

எட்டு நாள் கழித்து, மருத்துவமனைக்காரர்களுக்குக் காட்ட வேண்டிய நாள். காலையில் திருத்தணி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபடியே தேவகிக்குப் போன் பண்ணினேன். ஒருமுறைகூடப் பொய்யாகக் கத்தவில்லை என்று அவள் வாயால் கேட்டுக்கொண்டு போகலாம் என்ற ஆசைதான்.

"கத்திச்சா தேவகி?"

"இல்லக்கா. எட்டு நாளா ஒரு தபா கூட கத்தல."

"ரொம்ப நல்லது."

"பாவாவும் அதான் சொல்றாரு. எனக்குதான் பயமா கீது."

எங்கள் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவோம். பாவா என்று அவள் சொன்னது குமாரை. என்ன பயம் என்று கேட்டேன்.

"நேத்து பட்டைய என் கையில கட்டிக்கினு ஆட்டிப் பாத்தேன்க்கா. இவளுக்கு ஃபிட்ஸ் வரசொல்ல எப்படி ஆடுவாளோ, அதே மாதிரி. ரொம்ப நேரம் ஆட்டினேன். கத்தல."

ரயில் வருவதாக அறிவிப்பு வந்துவிட்டது. நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது. "நீ சும்மா கையை ஆட்டறது வேற, வலிப்பு வேற தேவகி. மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியும்" என்றேன்.

அவள், "சரிக்கா" என்றாள்.

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. லேப்டாப்பைத் திறந்து மருத்துவமனைக்காரர்களுக்குக் காட்ட வேண்டிய படங்களைப் புரட்டினேன். மனம் அதில் நிற்கவில்லை. அந்த "சரிக்கா" என்னை விடவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். படித்தவள் சொல்கிறாளே என்று அவள் விட்டுக்கொடுத்த தொனி அது. அந்தத் தொனியில் அவள் சரி சொல்லும்படி நான் பேசியிருக்கிறேன். அப்போதுதான் அந்தக் கால் மணி நேர வேலை ஞாபகம் வந்தது.

சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் லேப்டாப்பில் உண்டு. அதில் புதிய அமைப்பைப் போட்டு முதல் பதிவை ஓட்டினேன். கோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டே போய் முடிந்தது. எச்சரிக்கை வரவில்லை. இரண்டாவதை ஓட்டினேன். அதிலும் வரவில்லை. சங்கவியின் வலிப்பில் வேகமான பகுதி ஆரம்பத்தில் கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் தறியின் வேகத்திலேயே இருந்தது. நான் பள்ளம் வெட்டிய இடத்தில்தான் அந்தக் குழந்தையின் கை உதறிக்கொண்டிருந்தது.

அரக்கோணம் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்திலேயே தேவகிக்குப் போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும், "தேவகி, நான் சொன்னது தப்பு. பட்டையை நம்பாதே. தறியை நிறுத்திட்டு அவ பக்கத்திலேயே உக்காரு. நான் வந்துகிட்டிருக்கேன்" என்று கத்தினேன்.

"தறி அப்பவே நின்னுட்ச்சுக்கா. நீங்க போன வெச்சதுமே நிறுத்திட்டேன். கட்டிலாண்டதான் குந்திகினு கீறேன்."

என்னிடம் சரி என்று சொல்லிவிட்டு, என்னை நம்பாமல் போய்த் தறியை நிறுத்தியிருக்கிறாள். என் வாழ்க்கையில் ஒருத்தி என்னை நம்பாமல் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மேலதிகாரியிடம் நான் வரவில்லை என்றேன். அவர் கத்தியதை இங்கே எழுத முடியாது. அரக்கோணத்தில் ஒரு காரைப் பிடித்து வந்து சேர்ந்தபோது வீட்டில் தறிச் சத்தம் இல்லை. குமார் வாசலில் நின்றிருந்தார்.

"வந்துட்ச்சு மேடம். நீங்க ரெண்டாவது தபா போன் பண்ணி அரை மணி நேரத்துல ஃபிட்ஸ் வந்துட்ச்சு. இது கத்தவே இல்ல மேடம்."

சங்கவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வலிப்பு வந்தபோது அவள் குப்புறப் படுத்திருந்தாளாம், முகம் தலையணையில் புதைந்திருந்ததாம். தேவகி உடனே ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறாள். டாக்டருக்கும் போன் பண்ணிவிட்டார்கள். சீக்கிரம் நின்றுவிட்டதால் பயமில்லை, தூங்கட்டும் என்று அவர் சொல்லியிருந்தார். தேவகி இதையெல்லாம் என்னிடம் அமைதியாகச் சொன்னாள். இரண்டு தறியும் ஓடியிருந்தால், அவள் தன் தறியின் முன்னால் நின்றிருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு.

"அழுவாதீங்கக்கா. மொத நாலு நாளு நானும் நம்பிகினுதான் இருந்தேன்" என்றாள் அவள்.

அழுது முடித்ததும் வேலையை ஆரம்பித்தோம். முதலில் அந்தப் பள்ளத்தை மூடினேன். பழையபடி ஆனது. அதாவது, தறி ஓடினால் பெட்டி கத்தும். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது குமார் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், கட்டில் ஆடறதுதான பிரச்சனை? கட்டிலயே ஆடாம பண்ணிட்டா?" என்றார். போய் ஒரு பழைய வண்டி டயரை எடுத்துவந்து நாலு துண்டாக வெட்டி, கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் வைத்தார். தறியை ஓட்டிப் பார்த்தோம். ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முதல் நாளே நான் லேப்டாப்பைத் திறக்காமல் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு சிப் தெரியும்.

இனி வேண்டியது ஒரே ஓர் எல்லைக்கோடு, ஆட்டம் அதைத் தாண்டினால் மட்டும் பெட்டி கத்த வேண்டும். தறி தரும் மிச்ச ஆட்டத்துக்கு மேலே, சங்கவியின் கை உதறலுக்குக் கீழே, எங்கே அந்தக் கோட்டைப் போடுவது? என்னிடம் இருந்தது இரண்டே பதிவு; அன்றைய வலிப்பில் பெரிய சிப் எழும்பவே இல்லை, அதனால் அது பதிவாகவில்லை. தேவகியைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

"நீ ஆட்டிக் காட்டறியா தேவகி?"

சங்கவியைத் தூக்கிப்போய்ப் பின்பக்கத்துச் சின்ன அறையில் பாயில் படுக்க வைத்தோம். குமார் தறியை ஓட்டினார். தேவகி பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு, மகளின் கட்டிலில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். கை உதற ஆரம்பித்தது. முதலில் சின்னதாக, வேகமாக. பிறகு பெரியதாக, மெதுவாக. என் திரையில் வந்த கோட்டையும் பழைய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது அம்மாவுடையது, எது மகளுடையது என்று பெயர் எழுதாவிட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மூன்று வருடமாக அந்தக் கையைப் பிடித்துப் பிடித்து அவளுக்கு அத்தனையும் தெரிந்திருந்தது.

"போதும்மா" என்றேன்.

"இல்லக்கா, மாசி மாசத்துல வந்தது வேற மாதிரி. அதுல தோள்பட்டைதான் ஜாஸ்தி இழுக்கும். அதயும் பாத்துக்கோங்க." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் அவள் ஞாபகத்திலிருந்து எடுத்து எடுத்து ஆட்டிக் காட்டினாள். நான் எல்லைக்கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். பாவி, இவளிடம்தானே மெஷினுக்கு வித்தியாசம் தெரியும் என்று சொன்னோம் என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது.

பெட்டி கத்தியது.

குமார் பழக்கத்தில் சட்டென்று தறியை நிறுத்திவிட்டார். வீடே அமைதியாகிவிட்டது, பெட்டியின் சத்தம் மட்டும். பின்னறை வாசலில் சங்கவி வந்து நின்றாள். தலை கலைந்து, பாவாடை சுருண்டு, பாதித் தூக்கத்தில் இருந்தாள். கட்டிலில் அம்மா படுத்திருக்கிறாள், கை உதறிக்கொண்டிருக்கிறது, பெட்டி கத்துகிறது, நைனா தறியை விட்டு ஓடி வருகிறார். அவள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒண்ணும் இல்லம்மா, சும்மா டெஸ்ட்தான் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கட்டிலருகே வந்துவிட்டாள். அழவில்லை. கட்டிலில் ஏறி, தன் இரண்டு கையாலும் அம்மாவின் தோளைத் தள்ளி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கன்னத்துக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். பிறகு குனிந்து, அம்மாவின் காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

"பயப்படாத கண்ணு. ஒண்ணும் இல்ல. அம்மா இங்கதான் கீறேன். எங்கயும் போகல. அம்மா இங்கதான் கீறேன்."

குமார் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். தேவகியின் கை நின்றுவிட்டது. ஆனால் அவள் கண்ணைத் திறக்கவில்லை. மகள் சொல்லி முடிக்கும்வரை, அந்தச் சின்னக் கையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அப்படியே கிடந்தாள். நான் எட்டிப் பெட்டியை அணைத்தேன்.

வலிப்பு நேரத்தில் குழந்தைக்கு எதுவும் கேட்காது, எதுவும் நினைவிருக்காது என்று டாக்டர் பல தடவை சொல்லியிருந்தாராம். அப்படியும் தேவகி ஒவ்வொரு தடவையும் மகளின் காதில் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு இதை என்னிடம் சொன்னாள்.

"அவளுக்குக் கேட்டிருக்குதுக்கா" என்றாள். "இத்தன நாளும் கேட்டுகினுதான் இருந்திருக்கறா."